ஷட்டவுன் வேலைக்குப் போய் வந்தவர்கள் கல்நார் பற்றிக் கேட்கும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது வெளியூர் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் வேலைக்கு, போய் வந்தவர்கள் இருப்பார்கள். தூத்துக்குடி, மணலி, குஜராத், அதையும் தாண்டி சிங்கப்பூர், துபாய், ஜுபைல். கப்பலூரில் கப்பல் ஏது என்று எங்கள் ஊரில் கிண்டல் உண்டு. ஆனால் கப்பலின் அடிவயிற்றுக்குள் தவழ்ந்து வேலை பார்த்த கைகள் கப்பலூர் டீக்கடையில் கிளாஸ் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நான் 11 வருடம் இன்சுலேஷன் ஃபிட்டராக (குழாய்க்கும் பாய்லருக்கும் சூடு காக்கும் கவசம் போடுபவர்) இருந்து, அப்புறம் சேஃப்டி சூப்பர்வைசராகி, ஊர் திரும்பியவன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. என்னிடம் வந்து கேட்டவர்களுக்குச் சொன்னதையும், அதற்காக நானே தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்நார் என்றால் என்ன? ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட் என்றுதானே நினைத்தோம்?

ஷீட்டில் கல்நார் கொஞ்சம்தான். பத்தில் ஒரு பங்கு இருக்கும், மீதியில் பெரும்பகுதி சிமெண்ட். கல்நார் என்பது பாறையிலிருந்து எடுக்கும் ஒரு தாது. கல்லாகப் பிறந்தாலும் பஞ்சு மாதிரி பிரியும், நூல் மாதிரி நூற்கலாம், நெருப்பில் போட்டாலும் எரியாது. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று மூன்று வகை வியாபாரத்தில் ஓடின. நீலத்தையும் பழுப்பையும் உலகம் முன்பே கைவிட்டுவிட்டது. இந்தியாவுக்கு இன்று வருவது வெள்ளைக் கல்நார், கிரிசோடைல் என்பார்கள். எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 'வெள்ளை நல்லது, நீலம்தான் கெட்டது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுத்திகரிப்பு ஆலையிலும் கப்பலிலும் அது எங்கே இருந்தது? நாங்கள் பார்த்த ஞாபகமே இல்லையே.

பார்த்திருப்பீர்கள், பெயர்தான் வேறாக இருந்திருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டாக்டர் கேட்கும்போது 'கல்நார் தொட்டதே இல்லை' என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அது பொய் இல்லை, தெரியாமை.

முதலில் லேக்கிங். நீராவி ஓடும் குழாய், பாய்லர், கொதிகலன் டிரம் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக மாவு பூசியது போல ஒரு கவசம் இருக்கும். பழைய காலத்து மெக்னீசியா லேக்கிங்கில் கல்நார் கலந்திருந்தது. புதிதாகப் பூசும்போது அதைச் சிமெண்ட் மாதிரி சட்டியில் குழைப்பார்கள், மூட்டையைக் கொட்டும்போது புகை மாதிரி எழும்பும். ஷட்டவுனில் பழையதைச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுப்பார்கள். பூசுவதைவிட உடைப்பதுதான் பல மடங்கு மோசம். காய்ந்து பொடியாகிப் போயிருக்கும், தட்டினால் கொட்டும்.

அப்புறம் கேஸ்கெட், கசிவைத் தடுக்கும் அடைப்பு. ஃபிளாஞ்சுக்கு, அதாவது இரண்டு குழாய் இணையும் விளிம்புக்கு, நடுவில் வைக்கும் சாம்பல் நிற ஷீட்டை 'சிஏஎஃப் ஷீட்' என்று கேட்டு வாங்கியிருப்பீர்கள். அதில் 'ஏ' என்பதே ஆஸ்பெஸ்டாஸ்தான். சூட்டில் ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டைக் கம்பிப் பிரஷ் போட்டுச் சுரண்டியவர்கள் எத்தனை பேர்! பம்ப்பிலும் வால்விலும் சுற்றும் கிளாண்ட் கயிறு, பாய்லர் கதவு ஓரத்துக் கயிறு, வெல்டிங் பொறி விழாமல் விரிக்கும் போர்வை, சூடு தாங்கும் வெள்ளைக் கையுறை, ஃபர்னஸ் கதவுக்குள் வைக்கும் மில்போர்டு அட்டை. இவ்வளவும் அதுதான்.

கப்பலில் எஞ்சின் அறை முழுக்க லேக்கிங். தங்கும் அறைகளின் தடுப்புப் பலகைக்குள்ளும், தரைக்கு அடியிலும், தீத்தடுப்புக் கதவிலும் இருக்கும். காற்றோட்டம் இல்லாத இடம் என்பதால் எழுந்த தூசி அடங்க மணிக்கணக்காகும். கப்பல்களில் கல்நார் புதிதாக வைப்பதை உலக விதிகள் 2002 ஜூலையிலிருந்து பெரும்பாலும் நிறுத்தின, 2011 ஜனவரி 1 முதல் அறவே தடை. அதற்கு முன் கட்டிய கப்பல்தான் இன்றைக்கு உடைக்க வருகிறது. 2006-இல் பிரான்சின் கிளெமென்சோ என்ற விமானந்தாங்கிக் கப்பல், குஜராத்தில் கப்பல் உடைக்கும் கரையான அலங்கில் உடைபடப் புறப்பட்டு, உள்ளே கல்நார் இருக்கிறது என்று எழுந்த எதிர்ப்பால் பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டது. அந்த ஒரு கப்பல் செய்தியானது. செய்தியாகாமல் அலங் கரையில் ஏறிய கப்பல்கள் எத்தனையோ.

நான் லேக்கிங் பக்கமே போகவில்லை, சாரம் கட்டினேன். எனக்கு என்ன?

இந்தக் கேள்வியை எலக்ட்ரீஷியன், வெல்டர், பெயிண்டர், ஹெல்பர், டேங்க் கழுவினவர் எல்லோரும் கேட்பார்கள். மேலே ஒருவர் லேக்கிங்கைத் தட்டினால் கீழே நிற்பவர் தலையில்தான் விழும். சாரம் கட்டுபவர் எல்லோருக்கும் முன்னால் ஏறி, எல்லோருக்கும் பின்னால் இறங்குபவர். விழுந்து கிடந்த பொடியைத் துடைப்பத்தால் கூட்டிய ஹெல்பர்தான் உண்மையில் நிறைய சுவாசித்தவர். கூலியும் அவருக்குத்தான் குறைவு.

30 வருஷத்துக்கு முன்னால் பார்த்த வேலை. அப்போது ஒன்றும் ஆகவில்லை. இப்போது எப்படி வரும்?

கல்நார் நோயின் குணமே இதுதான். கல்நார் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். நம் உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். இழை நீளமாக இருப்பதால் விழுங்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. அந்த இடத்தில் புண்ணும் தழும்புமாக வருடக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும்.

நுரையீரல் தழும்பேறி இறுகுவதை ஆஸ்பெஸ்டோசிஸ் என்பார்கள். நிறைய தூசியை நிறைய நாள் சுவாசித்தவர்களுக்கு 10 முதல் 30 வருடம் கழித்து வரும். நுரையீரலைச் சுற்றிய உறையில் தடித்த திட்டுகள் விழலாம். அது தொந்தரவு செய்யாமலே இருக்கும், ஆனால் 'இவர் கல்நார் சுவாசித்தவர்' என்பதற்கு உடம்பே எழுதி வைத்த சாட்சி. நுரையீரல் புற்றுநோய் வரலாம். மீசோதீலியோமா என்ற உறைப் புற்றுநோய் 20 முதல் 50 வருடம் வரை காத்திருந்து வரும், குறைவாகச் சுவாசித்தவருக்கும் வந்திருக்கிறது. குரல்வளை, பெண்களுக்குச் சினைப்பை ஆகிய இடங்களிலும் கல்நாரால் புற்றுநோய் வருவது உறுதியாகியிருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு மீசோதீலியோமா வராது. ஆனால் 1985-இல் வேலை பார்த்தவருக்கு 2020-இல் மூச்சு வாங்கினால், இரண்டையும் முடிச்சுப் போட ஒருவருக்கும் தோன்றாது. காண்ட்ராக்டர் செத்திருப்பார், கம்பெனி பெயர் மாறியிருக்கும், கேட் பாஸை எலி தின்றிருக்கும்.

தினமும் வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். மூக்கில் துண்டும் கட்டியிருந்தேன்.

வெல்லம் தொண்டையில் ஒட்டிய தூசியை வயிற்றுக்கு இறக்கும், அவ்வளவுதான். நுரையீரலுக்குப் போகும் பாதை வேறு. துண்டு மண்ணைத் தடுக்கும், கல்நார் இழையைத் தடுக்காது. இந்த விஷயத்தில் நாம் மட்டும் ஏமாந்தோம் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் இதே வேலை பார்த்த ஒருவர் (அவர் கதை கீழே வருகிறது) மூக்குக்குள் மென்தால் களிம்பு தடவிக்கொண்டு போனதாகக் கோர்ட்டுக்குச் சொல்லியிருக்கிறார். நாள் முடிவில் மூக்கைச் சிந்தினால் கைநிறையத் தூசி வருமாம்.

பீடி குடிப்பேன். அதனால்தான் என்கிறார் டாக்டர்.

பாதி உண்மை. கல்நார் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்கு என்று அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களை வைத்து 1979-இல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. ஐந்தும் பத்தும் பதினைந்து ஆகவில்லை, பெருக்கலாகிவிட்டது. எனவே கல்நார் தொட்டவர் இன்றைக்கே பீடியை விடுவது கையில் இருக்கிற பெரிய மருந்து. ஆனால் மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தமில்லை. பீடிதான் காரணம் என்று சொல்லி, வேலை பார்த்த இடத்தைக் கேட்காமல் விட்டால் அது அரைகுறை விசாரணை.

ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. என்ன செய்வது?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். நம் ஊரில் இருமல், இளைப்பு, எடை குறைவு என்றால் முதல் சந்தேகம் டிபி. தப்பில்லை, டிபி இங்கே அவ்வளவு பரவலானது. சளியில் கிருமி தென்பட்டால் மாத்திரையைத் தவறாமல் முழுவதும் சாப்பிட்டே ஆக வேண்டும், அதை நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சளியில் கிருமி இல்லாமல், எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கி, முடித்தும் மூச்சு சரியாகவில்லை என்றால், அப்போது மறுபடி யோசிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமா, உசிலம்பட்டிப் பக்கம். வளைகுடாவில் சுத்திகரிப்பு ஆலைகளில் 14 வருடம் லேக்கிங். தெப்பக்குளத்தை ஒரு சுற்று நடக்க முடியாமல் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு முறை டிபி மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் 'என்ன வேலை பார்க்கிறீங்க?' என்று கேட்டார். 'விவசாயம்ங்க' என்றார் மாமா. அதுவும் நிஜம்தான், திரும்பி வந்து 20 வருடமாக மல்லிகைதான் போட்டுக்கொண்டிருந்தார். 'என்ன வேலை பார்த்தீங்க?' என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே சொல், காலம்தான் வித்தியாசம்.

எனவே டாக்டரிடம் போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த ஊரில், எந்த மாதிரி இடத்தில், கையால் என்ன வேலை. 'கம்பெனி வேலை' என்று எழுதினால் உதவாது. '1983 முதல் 1989 வரை, பாய்லர் குழாயில் பழைய லேக்கிங்கை உடைத்தேன், தூசியில் பக்கத்து ஆள் தெரிய மாட்டார், முகமூடி கிடையாது' என்று எழுதுங்கள். பள்ளி விட்டதும் ஆறு மாதம் பார்த்த வேலையையும் விடாதீர்கள். அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் இங்கே எழுதியிருப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

என்ன பரிசோதனை? எங்கே?

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. தோப்பூரில் நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. அதைப் பலர் டிபி ஆஸ்பத்திரி என்று சொல்லி ஒதுங்குகிறார்கள், ஒதுங்க வேண்டியதில்லை. ஈஎஸ்ஐ அட்டை உள்ளவர்கள் ஈஎஸ்ஐ வழியாகவே தொடங்குவது நல்லது, பின்னால் இழப்பீட்டுக்கு அந்தப் பதிவு உதவும்.

டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். ஆஸ்பெஸ்டோசிஸில் மூச்சை இழுத்து முடிக்கும்போது நுரையீரலின் அடிப்பக்கத்தில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போல ஒரு சத்தம் வரும். விரல் நுனி உருண்டு தடித்திருக்கிறதா என்று பார்ப்பார். எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலை தெரியாமல் போகலாம், எச்ஆர்சிடி என்கிற நுண்ணிய சிடி ஸ்கேனில் தழும்பும் உறைத் திட்டும் தெளிவாகத் தெரியும். ஊதிப் பார்க்கும் டெஸ்டில் நுரையீரல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கணக்கு வரும். நெஞ்சில் ஒரு பக்கம் நீர் கோத்து, எடுத்தாலும் மறுபடி மறுபடி சேர்ந்தால், அந்த நீரோடு விடாமல் உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மேலூரில் கிரானைட் குவாரியில் இருந்தேன். எனக்கும் இதுதானா?

அது சிலிகா தூசி. நோய் சிலிகோசிஸ். அது பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியைப் பிடிக்கும், கல்நார் கீழ்ப்பகுதியை. சிலிகோசிஸ் வந்தவருக்கு டிபி சேர்ந்து வரும் வாய்ப்பும் அதிகம். மில்லில் பஞ்சுத் தூசியில் நின்றவருக்கு வருவது இன்னொன்று, பிசினோசிஸ். தூசி எது என்று எழுதிக் கொடுக்க வேண்டியது மட்டும் எல்லோருக்கும் பொது.

நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் துணியைத் துவைத்தேன். எனக்கும் வருமா?

வரலாம் அக்கா. 1965-இல் லண்டனில் மீசோதீலியோமா வந்தவர்களை ஆராய்ந்தபோது, ஆலைக்குள் காலே வைக்காதவர்கள் அதில் இருந்தார்கள். சிலர் வீட்டு ஆட்களின் வேலைத் துணியைத் துவைத்தவர்கள், சிலர் ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்கள். துவைக்கும் முன் உதறுகிறோமே, அதுதான் கெடுதல். வளைகுடாவில் கேம்ப்பில் தங்கியவர்களின் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தினம் வீடு திரும்பிய மில் பாய்லர் ஆட்கள், பிரேக் லைனிங் பட்டறை ஆட்கள் வீட்டில்தான் உண்டு. பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாய் வைத்து ஊதிச் சுத்தம் செய்வது மதுரை லாரிப் பட்டறைகளில் இன்றும் நடக்கிறது. பழைய லைனிங்கில் கல்நார் உண்டு. ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். இருமல் என்று டாக்டரிடம் போனால், அக்கா, உங்கள் தாளில் வீட்டுக்காரர் வேலையையும் எழுதுங்கள்.

தடை செய்த பொருள்தானே இது?

60-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆம். பிரிட்டன் 1999, ஆஸ்திரேலியா 2003 கடைசி, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005, நேபாளம்கூட 2015. கனடா தோண்டித் தோண்டி நமக்கு ஏற்றுமதி செய்துவிட்டு 2018-இல் தன் நாட்டில் தடை போட்டது. இந்தியாவில் தோண்டுவதுதான் நின்றிருக்கிறது. இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை இல்லை, உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்வது நாம்தான், பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்து வருகிறது. தோண்டினால் தொழிலாளிக்கு ஆபத்து, அறுத்தால் ஆபத்து இல்லை என்பது என்ன நியாயமோ எனக்குப் புரிந்ததில்லை.

அமெரிக்காவில் இதற்குக் கோடி கோடியாக நஷ்டஈடு என்கிறார்களே?

அது ஒரு லேக்கிங்காரரிடம் தொடங்கிய கதை. டெக்சாஸில் பியூமாண்ட், போர்ட் ஆர்தர் என்று இரண்டு ஊர்கள். கடலோரமாகக் கப்பல் தளமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வரிசை கட்டி நிற்கும் பட்டை அது. அங்கே கிளாரன்ஸ் போரெல் என்பவர் 1936-இலிருந்து 1969 வரை 33 வருடம் இன்சுலேஷன் வேலை பார்த்தார். 1964-இல் இன்சூரன்சுக்காகப் பார்த்த டாக்டர், எக்ஸ்ரே மங்கலாக இருக்கிறது, முடிந்தவரை தூசியைத் தவிர்த்துக்கொள் என்றார். தூசியைத் தவிர்த்தால் சோறு எங்கிருந்து வரும், அவர் வேலையைத் தொடர்ந்தார். 1969-இல் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று தெரிந்தது, 1970-இல் மீசோதீலியோமாவுக்காக ஒரு பக்க நுரையீரலையே எடுத்தார்கள். வழக்கு விசாரணைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார், மனைவி தொடர்ந்து நடத்தினார்.

அவர் வழக்குப் போட்டது வேலை கொடுத்தவர் மேல் இல்லை, கல்நார்ப் பொருளைச் செய்து விற்ற கம்பெனிகள் மேல். ஆபத்து தெரிந்திருக்க வேண்டியவர்கள், பயன்படுத்துபவனை எச்சரிக்கவில்லை என்று. 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பை உறுதி செய்தது. கிடைத்த தொகை 80 ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அந்தக் கதவு திறந்ததும் பின்னாலேயே வழக்குகள் வெள்ளமாக வந்தன. மிகப் பெரிய கல்நார்க் கம்பெனியான ஜான்ஸ் மேன்வில் 1982-இல் திவால் மனு கொடுத்தது.

நம் ஊரில் பொருள் செய்தவன் மேல் இப்படி வழக்குப் போட்டு வாங்கும் வழி பழக்கத்தில் இல்லை. 'அமெரிக்க வக்கீல் மூலம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அமெரிக்கக் கம்பெனிப் பொருளை அங்கேயே தொட்டவருக்கு உள்ள உரிமை, உசிலம்பட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியே வந்துவிடாது.

அப்படியானால் எங்களுக்கு என்னதான் கிடைக்கும்?

ஈஎஸ்ஐயில் இருந்தவராக இருந்தால், கல்நார் நோய் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. சிறப்பு மருத்துவக் குழு பார்த்து ஊனச் சதவீதம் முடிவு செய்யும், அதற்கேற்ப மாதத் தொகை வரும். தொழில்சார் நோயால் இறந்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. ஈஎஸ்ஐ இல்லாதவருக்கு 1923-ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது, அதன் மூன்றாம் அட்டவணையிலும் இந்த நோய் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து இந்தச் சட்டங்களை உள்வாங்கிக்கொண்டன. நோய்ப் பட்டியல் தொடர்கிறது, ஆனால் மனு எழுதும்போது எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைத் தொழிற்சங்கத்திலோ இலவச சட்ட உதவி மையத்திலோ கேட்டு எழுதுங்கள். காலக்கெடு உண்டு, நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்து தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு ஆயுதம், 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கல்நார்த் தொழிலாளர்களுக்காக ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கு அது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னதோடு, கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்று நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. ஆலையில் நேரடியாக இருந்தவர்கள் அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். காண்ட்ராக்டில் போனவர்களுக்குப் பதிவே போட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். வேதனையே அங்கேதான்.

வேலை பார்த்தது வெளிநாட்டில் என்றால்?

இங்குள்ள ஈஎஸ்ஐ அதற்குப் பொருந்தாது. சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் ஆஸ்பெஸ்டோசிஸையும் மீசோதீலியோமாவையும் சேர்த்திருக்கிறது, ஆனால் வருடங்கள் கடந்து இங்கிருந்து நிரூபிப்பது லேசான காரியமில்லை. மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தை முதலில் பாருங்கள், அதற்கு நோய் எங்கே வந்தது என்ற கேள்வி இல்லை.

என் பையன் இப்போது ஷட்டவுன் வேலைக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

இன்றைக்குப் புதிதாகச் சுற்றுவது ராக்வூல், கிளாஸ்வூல் என்கிற கல் பஞ்சும் கண்ணாடிப் பஞ்சும். அரிக்கும், இருமும், ஆனால் கல்நார் மாதிரி கொல்லாது. செராமிக் ஃபைபர் மட்டும் கொஞ்சம் சந்தேகத்துக்குரியது, அதற்கு நல்ல முகமூடி வேண்டும். ஆபத்து பழையதை உடைக்கும்போதுதான். வெள்ளையாக, மாவாக, பழைய லேக்கிங் தெரிந்தால் 'இதைச் சோதித்தீர்களா?' என்று கேட்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். சோதிக்காதவரை கல்நார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

உலர்ந்ததை உடைக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் எடுக்க வேண்டும். துடைப்பம் கூடாது, காற்றுக் குழாய் கூடவே கூடாது. நீல நிறச் சர்ஜிக்கல் மாஸ்க் வேடிக்கைக்குத்தான். ரப்பர் முகமூடியில் மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி வேண்டும், ஓரத்தில் காற்று கசியக் கூடாது. எங்கள் பையன்கள் தாடியை விட மாட்டார்கள், தாடி இருந்தால் முகமூடி முகத்தில் ஒட்டாது. அமெரிக்க விதிப்படி ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழைதான் உச்ச அளவு, அதாவது பத்து கன சென்டிமீட்டரில் ஒரே ஓர் இழை. கண்ணுக்குத் தூசி தெரிகிறது என்றால் அந்த அளவை எப்போதோ தாண்டியாயிற்று.

இவ்வளவும் பேசினால் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிடுவார் என்று பையன் சொல்வான். உண்மைதான். நானே வாயை மூடிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. தனி ஆளாகக் கேட்காமல் நாலு பேராகச் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கூரையே ஷீட்தான். கழற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். உடையாத ஷீட் சும்மா கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. கட்டிங் மெஷின் வைத்து அறுப்பது, ஜே ஹூக்குக்கு ஓட்டை போடுவது, உடைத்துக் குப்பையில் போடுவது, இவைதான் தூசி கிளப்பும். கழற்ற வேண்டிவந்தால் நனைத்து, முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைந்த துண்டைப் பொடித்துத் தரையில் கொட்டி மெத்துவது நம் பக்கம் பழக்கம், அதைச் செய்யாதீர்கள். கண்மாய்க் கரையில் வீசுவதும் வேண்டாம்.

நோய் வந்தால் மருந்து இருக்கிறதா?

ஆஸ்பெஸ்டோசிஸ் தழும்பை மாற்ற மருந்தில்லை. மேலும் தூசி படாமல் இருப்பது, புகையை விடுவது, சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, தேவையானால் வீட்டில் ஆக்சிஜன். மீசோதீலியோமாவுக்கு கீமோ உண்டு, 2020-க்குப் பிறகு இம்யூனோதெரபி மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆயுளைக் கொஞ்சம் நீட்டும், விலை அதிகம். நாட்டு மருந்தில் கல்நாரைக் கரைத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். அமிலத்துக்கே அசையாத இழைகள் அதில் உண்டு.

அப்பா வேலை பார்த்ததற்கு எந்தக் காகிதமும் இல்லை. கம்பெனியும் இல்லை. எப்படி நிரூபிப்பது?

'எந்தக் காகிதமும் இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டை, காலாவதியானாலும், தூக்கிப் போடாதீர்கள், முத்திரையில் தேதி இருக்கும். பிஎஃப் சீட்டு, ஈஎஸ்ஐ எண், ஹெல்மெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், சட்டையில் கம்பெனிப் பெயர் தெரியும் போட்டோ, வங்கி டிராஃப்ட் அடிக்கட்டை. கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முன்னே சொன்ன உசிலம்பட்டி மாமா வீட்டிலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அப்புறம் அத்தை பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே ஏர்மெயில் கடிதங்கள். ஒவ்வொரு உறையிலும் கேம்ப் எண், தபால் முத்திரை, தேதி. ஒன்றில் மாமா எழுதியிருந்தார்: 'இங்கே பாய்லர் உடைக்கிறோம், பஞ்சு மில் மாதிரி பறக்குது, சாயங்காலம் எல்லாரும் கிழவனாட்டம் வெள்ளையா இருக்கோம்.' அத்தை அதைக் காதல் கடிதம் என்று நினைத்துத்தான் அத்தனை வருடம் வைத்திருந்தார். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, கேஸ் ஷீட்டில் 'விவசாயம்' என்று இருந்ததை அடித்து, மேலே வருடங்களைப் போட்டு வேறு எழுதினார்.